மழைக்காலச் சளிக்கு முன்பே தயிரும் நீராகாரமும்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

ஐப்பசி, கார்த்திகை மழையோடு தமிழ்நாட்டில் சளியும் ஃப்ளூவும் வந்துவிடும். வந்ததும் பல வீடுகளில் நடக்கும் முதல் காரியம், பிள்ளைகளுக்குத் தயிரை நிறுத்துவது. நான் இங்கே சொல்லப்போவது அதற்கு நேரெதிர். புளித்த உணவை மழைக்கு முன்பே தொடங்குங்கள். நாள் தவறாமல் சாப்பிடுங்கள். அதிலுள்ள நுண்ணுயிர்கள் உயிரோடு வயிற்றுக்குள் போகும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இந்த மூன்றில் கடைசியைத்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். தயிரை வாங்கிவந்து, கொதிக்கும் குழம்பில் ஊற்றி, "நான் தினமும் தயிர் சாப்பிடுகிறேன்" என்பார்கள்.

முதலில்: எவ்வளவு பலன் எதிர்பார்க்கலாம்?

இதைத் தெரிந்துகொண்டு தொடங்கினால் ஏமாற்றம் இருக்காது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2022-ல் 23 சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. மொத்தம் சுமார் 6,950 பேர். மூக்கு, தொண்டைப் பகுதியில் வரும் தொற்றை ஒருமுறையாவது பிடித்துக்கொண்டவர்கள், நல்ல பாக்டீரியா உட்கொண்ட குழுவில் ஏறக்குறைய 24 சதவீதம் குறைவு. மற்றவர்களில் 100 பேருக்கு வந்தால் இவர்களில் 76 பேருக்கு வந்தது என்று வைத்துக்கொள்ளலாம். வந்த சளியும் சராசரியாக ஒரு நாளுக்குச் சற்றுக் கூடுதலாக முன்னதாகவே விட்டது. ஆன்டிபயாடிக் தேவைப்பட்டவர்களும் குறைந்தார்கள். ஆனால் அந்த ஆய்வாளர்களே பல முடிவுகளின் உறுதியைக் குறைவு என்றோ நடுத்தரம் என்றோதான் மதிப்பிட்டிருக்கிறார்கள்.

தயிரை நேரடியாக வைத்து நடந்த சோதனை ஒன்று ஜப்பானில் உண்டு. யமகட்டா மாகாணத்து ஃபுனகாட்டாவில் 57 முதியவர்கள் 8 வாரமும், சாகா மாகாணத்து அரிட்டாவில் 85 பேர் 12 வாரமும் இதில் பங்கெடுத்தார்கள். ஒரு பாதிக்குத் தினமும் 90 கிராம் தயிர், மறுபாதிக்கு 100 மில்லி பால். 2010-ல் முடிவு வெளியானது. இரண்டு ஊர்க் கணக்கையும் சேர்த்துப் பார்த்தபோது தயிர் சாப்பிட்டவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு தெளிவாகவே குறைந்திருந்தது. அந்தத் தயிரை உறையவைத்தது லாக்டோபேசிலஸ் பல்கேரிகஸ் பாக்டீரியாவின் 'ஓஎல்எல் 1073 ஆர்-1' என்ற குறிப்பிட்ட ரகம். பிற்பாடு அதே ரகத் தயிரை 900-க்கும் மேற்பட்ட மருத்துவமனைப் பெண் ஊழியர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அங்கே ஃப்ளூ குறையவில்லை. இரண்டையும் சேர்த்தே மனதில் வையுங்கள்.

இன்னொன்றும் உண்டு. ஒரு ரகத்துக்குக் கிடைத்த முடிவு இன்னொரு ரகத்துக்குத் தானாகப் பொருந்தாது. நம் வீட்டு உறைமோரில் என்னென்ன ரகங்கள் உள்ளன என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. ஆகவே நம் தயிருக்கு 24 சதவீதம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனாலும் நான் இதை மனமாரப் பரிந்துரைக்கிறேன். செலவு குறைவு, ஆரோக்கியமானவர்களுக்கு ஆபத்து மிகக் குறைவு, உணவாகவும் நல்லது.

வயிற்றில் இருப்பது மூக்கை எப்படிக் காக்கும்?

சிறுகுடலின் சுவரில் பேயர் திட்டுகள் என்று சில இடங்கள் உண்டு. நாம் விழுங்கும் பொருள்களை அங்குள்ள நோயெதிர்ப்பு செல்கள் ஓயாமல் சோதித்துக்கொண்டிருக்கும். ஊரின் நுழைவாயிலில் உள்ள சோதனைச்சாவடி போல. புளித்த உணவில் வரும் பாக்டீரியா அங்கே சிக்கும்போது, அதன் மேலுறையிலுள்ள பொருள்களை இனம்கண்டு செல்கள் சமிக்ஞைகளை வெளியிடுகின்றன. வைரஸ் புகுந்த செல்லைத் தேடி அழிக்கும் இயற்கைக் கொல்லி செல்கள் அதனால் சுறுசுறுப்பாகலாம். குடலில் பயிற்சி பெற்ற பி செல்கள் என்ற நோயெதிர்ப்பு செல்கள் சில ரத்தத்தின் வழியே மூச்சுப்பாதையின் சளிப்படலத்துக்கும் போய், ஐஜிஏ என்ற எதிர்ப்புப்பொருளைச் சுரக்கும்.

குடல் பாக்டீரியாவுக்கும் நுரையீரலுக்கும் தொடர்பு உண்டு என்பதை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் அகிகோ இவாசாகியின் குழு 2011-ல் அழகாகக் காட்டியது. எலிகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்துக் குடல் பாக்டீரியாவைக் குறைத்தார்கள். பிறகு ஃப்ளூ வைரஸ் கொடுத்தபோது அந்த எலிகளின் நுரையீரல் எதிர்ப்பு மந்தமாக இருந்தது. மனிதர்களிடம் ஸ்டான்ஃபோர்டில் நடந்த ஆய்வு 2021-ல் வெளிவந்தது. 36 பேர் பங்கெடுத்தார்கள். 10 வாரம் புளித்த உணவை நிறையச் சாப்பிட்ட குழுவில் குடல் நுண்ணுயிர் வகைகள் பெருகின, அழற்சியோடு தொடர்புடைய 19 புரதங்கள் ரத்தத்தில் குறைந்தன. சளி குறைந்ததா என்று அந்த ஆய்வு பார்க்கவில்லை. சரி, சமையலறைக்குப் போவோம்.

முதல் படி: உயிருள்ளது எது, இல்லாதது எது என்று பிரியுங்கள்

தயிர், மோர், நீராகாரம், உப்புநீரில் புளிக்கவைத்த காய், கொரியாவின் கிம்ச்சி ஆகியவற்றில் பாக்டீரியா உயிரோடு இருக்கும்.

இட்லி, தோசை, ஆப்பம் புளித்த உணவுதான். மாவைப் பொங்கவைப்பதில் லியூக்கனோஸ்டாக் மெசென்டராய்டிஸ் என்ற பாக்டீரியாவுக்குப் பெரிய பங்கு இருப்பது 1960-களிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் ஆவியில் வெந்ததும் அது இறந்துவிடுகிறது. மோர்க்குழம்பும் அப்படியே. இறந்த பாக்டீரியாவால் பயனே இல்லை என்று சொல்லிவிட முடியாது. தாய்லாந்தின் மியாங் என்ற புளித்த தேயிலையிலிருந்து எடுத்த பி240 என்ற ரகத்தைச் சூட்டில் கொன்று, ஜப்பானில் 300 முதியவர்களுக்கு 20 வாரம் கொடுத்ததில் சளி குறைந்தது. ஆனால் அது அளந்து கொடுத்த மாத்திரை. இட்லியை இட்லியாகவே ருசித்துச் சாப்பிடுங்கள், தயிரின் கணக்கில் சேர்க்காதீர்கள்.

எண்ணெயும் உப்பும் தூக்கலான நம் மாங்காய், எலுமிச்சை ஊறுகாயையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். மோர் மிளகாய் வெயிலில் காய்ந்து எண்ணெயில் பொரிவது. குளிர்ப்பெட்டி இல்லாமல் மாதக்கணக்கில் கெடாமல் நிற்கும் பெட்டி மோர் கடும் சூட்டைக் கண்டு வந்தது. பால் பூத்தில் குளிரோடு விற்கும் சாதாரணத் தயிரில் உயிர் இருக்கும்.

இரண்டாம் படி: தயிரை வீட்டிலேயே உறைய வையுங்கள்

தெரிந்த வேலைதான் என்று தாண்டிவிடாதீர்கள். பாலைப் பொங்கவைத்து இறக்காமல், சிறுதீயில் இன்னும் ஐந்து, பத்து நிமிடம் விடுங்கள். பாலிலுள்ள மோர்ப் புரதங்கள் விரிந்துகொடுப்பதால் தயிர் கெட்டியாக விழும். பிறகு ஆறவிடுங்கள். சுத்தமான விரலை வைத்தால் இதமான சூடு தெரிய வேண்டும், சுடக் கூடாது. வெப்பமானி இருந்தால் 40 முதல் 43 டிகிரி செல்சியஸ். இதைவிடச் சூடாக இருக்கும்போது பிரை, அதாவது உறைமோர், ஊற்றுவதுதான் தயிர் உறையாமல் போவதற்கு நான் அதிகம் பார்த்த காரணம்.

அரை லிட்டர் பாலுக்கு ஒரு தேக்கரண்டி தயிர் போதும். அதிகம் ஊற்றினால் சீக்கிரம் புளிக்கும், கெட்டியாகாது. பிரையைக் கொஞ்சம் பாலில் கரைத்து, பிறகு மொத்தப் பாலோடு கலந்து மூடுங்கள். அப்புறம் பாத்திரத்தை அசைக்க வேண்டாம். சென்னை வெயிலில் 5 மணி நேரம் போதும், மார்கழியில் 8 மணி நேரம் ஆகலாம். ஊட்டியிலோ டொரொன்டோவிலோ இருப்பவர்கள் பாத்திரத்தை ஹாட்பேக்கில் வைக்கலாம். விளக்கு மட்டும் எரியும் ஓவன் அடுப்புக்குள்ளும் வைக்கலாம், ஆனால் ஓவனைச் சூடாக்கக் கூடாது.

பாக்டீரியா பாலிலுள்ள சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலம் விடுகிறது. புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு (இது குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.6-க்கு இறங்கும்போது பால் புரதம் திரண்டு தயிராகிறது. அந்தப் புளிப்புதான் கெட்ட கிருமிகள் பலவற்றையும் தடுக்கிறது. உறைந்ததும் குளிர்ப்பெட்டியில் வைத்து, மூன்று நான்கு நாளுக்குள் முடித்துவிடுங்கள். அடுத்த உறைக்கு வேண்டிய ஒரு கரண்டியை, யாரும் கரண்டி விடுவதற்கு முன்பே சுத்தமான சிறு கிண்ணத்தில் எடுத்து வையுங்கள். தயிரின் மேல் இளஞ்சிவப்போ, பச்சையோ, பூஞ்சையோ தெரிந்தால் அந்தப் பகுதியை மட்டும் வழித்தெடுக்காமல் முழுவதையும் கொட்டிவிடுங்கள்.

பிரை கிடைக்காவிட்டால் மிளகாய்க் காம்பைப் போடும் வழக்கம் உண்டு. காம்பில் ஒட்டியிருக்கும் லாக்டிக் பாக்டீரியா பாலை உறையவைக்கும். ஆனால் அதோடு வேறு என்ன வரும் என்று நம் கையில் இல்லை. அக்கம்பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி கேட்டு வாங்குவது மேல்.

மூன்றாம் படி: நீராகாரம்

நீச்சத்தண்ணி என்றும் சொல்வார்கள். பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இது நல்ல வழி. ஆனால் தயிரைவிட இதில் கவனம் கூடுதலாக வேண்டும். அரிசியில் பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் விதைமுட்டைகள் இருக்கும், சமைத்தாலும் அவை சாகாது. வடித்த சோறு மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை முளைத்து நஞ்சு உண்டாக்கும். வாந்தியை வரவைக்கும் அந்த நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது.

ஆகவே இரவுச் சாப்பாடு முடிந்து மிஞ்சியதை நள்ளிரவில் தண்ணீர் ஊற்றி வைப்பது சரியான முறையல்ல. வடித்த உடனே தேவையான சோற்றைத் தனியாக எடுத்துத் தட்டில் பரப்புங்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஆறிவிட வேண்டும். புழுங்கல் அரிசிச் சோறு இதற்கு நன்றாக வரும். மண்சட்டியிலோ எவர்சில்வர் பாத்திரத்திலோ போட்டு, கொதித்து ஆறிய தண்ணீரைச் சோற்றுக்கு மேல் இரண்டு விரற்கடை நிற்கும்படி ஊற்றுங்கள். கூடவே முந்தின நாள் நீராகாரமோ மோரோ இரண்டு கரண்டி சேருங்கள். இதை நான் விடாமல் வலியுறுத்துவேன். புளிப்பு சீக்கிரம் ஏறினால் கெட்ட கிருமிக்கு வளர நேரம் கிடைக்காது.

மூடி வைத்து, 8 முதல் 10 மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். சின்னச் சின்னக் குமிழும் இலேசான புளிப்பு மணமும் இருந்தால் சரியாக வந்திருக்கிறது. கொழகொழவென்று நூல் விட்டாலோ, முகம் சுளிக்கவைக்கும் நாற்றம் இருந்தாலோ ருசி பார்க்காமல் கொட்டுங்கள். நன்றாக வந்ததைக் கையால் பிசைந்து, மோரும் உப்பும் சேர்த்து, சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு குடியுங்கள். வெங்காயத்தை விடாதீர்கள். அதிலுள்ள இன்யூலின் என்ற நார்ப்பொருள் குடல் பாக்டீரியாவுக்குத் தீனி. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு நீராகாரம் வேண்டாம்.

நான்காம் படி: காய், விருப்பமிருந்தால்

முள்ளங்கி, கேரட், முட்டைக்கோஸ் எதுவானாலும் நறுக்கி எடைபோட்டு, 100 கிராமுக்கு 2 கிராம் உப்புச் சேர்த்துப் பிசைந்து, கண்ணாடிப் புட்டியில் இறுக்கி அமுக்குங்கள். காய் முழுவதும் அது விட்ட நீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும். நீர் போதாவிட்டால் அதே விகிதத்தில் உப்புக் கரைத்து ஊற்றலாம். தினமும் மூடியை ஒருமுறை தளர்த்திக் காற்றை விடுங்கள். நம் ஊர்ச் சூட்டில் மூன்று நான்கு நாளில் புளித்துவிடும், பிறகு குளிர்ப்பெட்டிக்குப் போகலாம். தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள அருமையாக இருக்கும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பை நினைத்து ஓரிரு கரண்டியோடு நிறுத்துங்கள்.

ஐந்தாம் படி: சூட்டில் கொல்லாமல் சாப்பிடுங்கள்

தயிர் பாக்டீரியா 60 டிகிரிக்கு மேல் வேகமாகச் சாகும். தயிர்சாதத்துக்குச் சோற்றைப் பாலூற்றிப் பிசைந்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு தயிரைக் கலக்குங்கள். தாளிப்பை நேரே தயிரில் கொட்டாமல், கடுகும் இஞ்சியும் கொஞ்சம் ஆறியதும் சேருங்கள். மோரைச் சூடாக்கிக் குடிக்க வேண்டாம். குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்து அரைமணி நேரம் வெளியே வைத்தாலே சில்லிப்புப் போய்விடும்.

அளவு என்று கேட்டால், பெரியவர்களுக்குத் தினமும் ஒரு கிண்ணம், சுமார் 150 கிராம். யோகர்ட் தயிரின் ஒரு கிராமில் குறைந்தது ஒரு கோடி பாக்டீரியா இருக்க வேண்டும் என்பது சர்வதேச உணவுத் தர விதி. அந்தக் கணக்கில் ஒரு கிண்ணத்தில் 150 கோடியாவது இருக்கும். பெரும்பாலானவை குடலில் தங்காமல் கடந்து போய்விடுவதால்தான் தினமும் வேண்டும் என்கிறேன். முதலில் சொன்ன ஜப்பான் தயிர்ச் சோதனை இரண்டு ஊர்களில் 8, 12 வாரம் நடந்தது. மழை ஐப்பசியில் என்றால் ஆவணியிலேயே தொடங்கிவிடுங்கள். கூடவே கீரை, பயறு, வாழைப்பூ, வாழைத்தண்டு என்று நார்ச்சத்தும் தட்டில் இருக்கட்டும்.

சளி பிடித்த பிறகு தயிரை நிறுத்த வேண்டுமா?

எனக்குத் தெரிந்த எல்லா வீட்டிலும் இந்தக் கேள்வி எழும். பால் பொருள் சளியைக் கூட்டும் என்பதை ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் சோதித்து 1990-ல் வெளியிட்டார்கள். 60 பேருக்குச் சளி வைரஸைக் கொடுத்து, அவர்கள் குடித்த பாலையும் மூக்கிலிருந்து வந்த சளியின் எடையையும் பத்து நாள் கணக்கெடுத்தார்கள். பால் கூடியதால் சளி கூடவில்லை. பால் எச்சிலோடு கலந்து தொண்டையில் கொஞ்ச நேரம் கெட்டியாகத் தங்குவது சளி போலத் தோன்றலாம். பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்டால் சில்லிப்பில்லாத தயிரைக் கொடுங்கள், வேண்டாமென்றால் வற்புறுத்தாதீர்கள். பாட்டியிடம் சண்டை வேண்டாம். மதியம் வெயில் நேரத்தில் கொடுப்பதாகச் சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

கடையில் வாங்குபவர்களுக்கு

பெட்டியில் 'புரோபயாடிக்' (நல்ல பாக்டீரியா உள்ளது) என்று மட்டும் போட்டிருந்தால் போதாது. பாக்டீரியாவின் பெயரோடு ரகக் குறியீடும், எத்தனை கோடி என்ற கணக்கும், காலாவதி நாளும் இருக்க வேண்டும். ஜப்பானில் மினோரு ஷிரோடா 1930-ல் பிரித்தெடுத்த ரகத்தோடு வரும் யாகுல்ட் இந்தியாவில் 65 மில்லிக்கு 650 கோடி என்று அச்சிடுகிறது. அப்படித் தெளிவாக எழுதியிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இத்தகைய இனிப்புப் பானங்களின் சர்க்கரை அளவையும் பார்க்க வேண்டும்.

யார் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது?

புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்பவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து எடுப்பவர்கள், பெருஞ்சிரையில் குழாய் பொருத்தியிருப்பவர்கள், தீவிர சிகிச்சையில் உள்ளவர்கள். நெதர்லாந்தில் கடும் கணைய அழற்சி நோயாளிகளுக்கு நல்ல பாக்டீரியா கொடுத்துப் பார்த்த சோதனை 2008-ல் வெளியானது. கொடுக்கப்பட்டவர்களில் 16 சதவீதம் பேர் இறந்தார்கள், மற்ற குழுவில் 6 சதவீதம். உடல் மிகவும் நொந்திருக்கும்போது நல்ல பாக்டீரியாவும் ஆபத்தாகலாம்.

குறைமாதக் குழந்தைகளுக்கும் மருத்துவர் சொல்லாமல் எதுவும் கூடாது. ஒடிசாவில் 4,500-க்கும் மேற்பட்ட பச்சிளம் குழந்தைகளிடம் நடந்த சோதனை 2017-ல் வெளிவந்தது. லாக்டோபேசிலஸ் பிளான்டாரம் ரகம் ஒன்றை ஒரு வாரம் கொடுத்ததில் ரத்தத் தொற்றும் நுரையீரல் தொற்றும் நன்றாகவே குறைந்தன. அது தேர்ந்தெடுத்த ரகம், மருந்துத் தரத்தில் தயாரித்தது, கொடுத்தவர்கள் பயிற்சி பெற்றவர்கள். அதை நினைத்து வீட்டில் பச்சிளம் குழந்தைக்கு மோர் புகட்டிவிடாதீர்கள்.

கூடவே செய்ய வேண்டியவை

ஃப்ளூ தடுப்பூசிக்குத் தயிர் மாற்று அல்ல. 65 வயதைக் கடந்தவர்கள், கர்ப்பிணிகள், ஆஸ்துமா, சர்க்கரை, இதய நோய் உள்ளவர்கள் மழைக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். கை கழுவுவதும், சளி பிடித்தவர் முகக்கவசம் போடுவதும், சன்னலைத் திறந்து வைப்பதும் அப்படியே தொடரட்டும்.

ஆன்டிபயாடிக் சாப்பிடும் நாள்களில் தயிரை நிறுத்தத் தேவையில்லை, நேரத்தை மட்டும் தள்ளி வையுங்கள். சிப்ரோஃப்ளாக்ஸாசின், டெட்ராசைக்ளின் போன்றவை பாலிலுள்ள கால்சியத்தோடு ஒட்டிக்கொண்டு உடலில் சேராமல் போய்விடும். தயிர் சாப்பிடுவதற்கும் மாத்திரைக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று மருந்துக்கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூச்சு வாங்குவது, குழந்தைக்கு மூச்சிழுக்கும்போது விலா உள்ளே போவது, உதடு நீலமாவது, மூன்று நாள் தாண்டியும் இறங்காத காய்ச்சல், இறங்கி மறுபடி ஏறும் காய்ச்சல், பெரியவர்களுக்குக் குழப்பமோ நெஞ்சுவலியோ இருந்தால் கைவைத்தியம் எதையும் பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.